ஏழு மெகாஹெர்ட்ஸ் வானம்

விடியற்காலை ஐந்து மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் காது வைத்தால் பக்கத்து ஊர்க்காரர் எவருடைய குரலும் கேட்காது. இரைச்சலுக்கு அடியில் ஐரோப்பியர் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் கிழக்கே இந்தோனேசியாவிலிருந்து ஒரு குரல் வரும். சூரியன் எழுந்து கொஞ்ச நேரம் ஆனதும் அதே இடத்தில் கோவை, மதுரை, கொச்சி, பெங்களூரு என்று குரல்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். தமிழும் மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து காலைக் கச்சேரி களைகட்டும். நண்பகல் நெருங்க நெருங்க அந்தக் குரல்கள் மங்கி, மாலையில் மறுபடி தெளிந்து, இரவு ஏற ஏற அருகில் இருப்பவர்கள் மறைந்து தொலைவில் இருப்பவர்கள் வந்துவிடுவார்கள். இத்தனைக்கும் ரேடியோவில் யாரும் எதையும் மாற்றியிருக்கமாட்டார்கள். மாறிக்கொண்டே இருந்தது தலைக்கு மேலே உள்ள வானம்.

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலியில் இறங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்றுதான். கையடக்க வாக்கிடாக்கி ஒன்றை வாங்கி, நகரத்தில் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாக நாலு பேரிடம் பேசிவிட்டு, "இதை செல்போனிலேயே செய்யலாமே" என்று அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அவர்கள்மேல் தவறில்லை. இந்தப் பொழுதுபோக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. அது சிற்றலையில் இருக்கிறது. அனுப்புகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் எந்த நிறுவனத்தின் கோபுரமும் இல்லாமல், சூரியன் உருவாக்கிய ஒரு கூரையை நம்பிப் பேசுவதில் இருக்கிறது. ஆகவே அந்தக் கூரையை முதலில் பார்த்துவிடுவோம்.

பூமியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிச் சில நூறு கிலோமீட்டர் வரை உள்ள மெல்லிய காற்றைச் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் தாக்குகின்றன. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரிகின்றன. இதுவே அயனி மண்டலம். 60 முதல் 90 கிலோமீட்டர் வரை இருப்பது டி அடுக்கு. 110 கிலோமீட்டர் அளவில் ஈ அடுக்கு. 250 கிலோமீட்டருக்கும் மேலே எஃப் அடுக்கு. நம் குரலைத் தூரதேசத்துக்குக் கொண்டு சேர்ப்பது எஃப் அடுக்குதான். அங்கே நுழையும் அலை எலெக்ட்ரான் கூட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, அடர்த்தி போதுமானதாக இருந்தால் முழுவதும் திரும்பிப் பூமிக்கு வந்துவிடுகிறது. சாய்வாகப் போன அலை ஒரே தாவலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலும் கடக்கும். கடலிலோ நிலத்திலோ பட்டு மறுபடி மேலே போய் அடுத்த தாவலும் எடுக்கும்.

டி அடுக்கு செய்வது நேர் எதிரான வேலை. அங்கே காற்று ஓரளவு அடர்த்தியானது. அலையோடு சேர்ந்து அதிரும் எலெக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்துவிடுகின்றன. அதிர்வெண் குறையக் குறைய எலெக்ட்ரான்களின் அலைவு பெரிதாகும், இழப்பும் கூடும். அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. நண்பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் மங்குவது இதனால்தான். சூரியன் மறைந்ததும் டி அடுக்கின் எலெக்ட்ரான்கள் வெகு விரைவில் அயனிகளோடு சேர்ந்து காணாமல் போகின்றன. எஃப் அடுக்கில் காற்று மிக மெல்லியது என்பதால் எலெக்ட்ரான்கள் துணை கிடைக்காமல் இரவு முழுக்கத் திரிந்து, மெல்ல மெல்லக் குறைகின்றன.

இப்போது அந்த விடியற்காலைக்குத் திரும்பினால் எல்லாம் புரியும். சென்னையிலிருந்து மதுரைக்குப் பேச வேண்டுமானால் அலை கிட்டத்தட்ட நேர் மேலே போய் நேர் கீழே இறங்க வேண்டும். அப்படிச் செங்குத்தாக வரும் அலையைத் திருப்ப எஃப் அடுக்கில் நிறைய எலெக்ட்ரான்கள் தேவை. இரவெல்லாம் குறைந்து விடியலுக்குச் சற்று முன் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடுகிறது. செங்குத்து அலை கூரையைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடுகிறது. சாய்ந்து வரும் அலையைத் திருப்ப அவ்வளவு எலெக்ட்ரான்கள் வேண்டாம். அதனால் மதுரை கேட்காத நேரத்தில் ஐரோப்பா கேட்கிறது. சூரியன் எழுந்து எஃப் அடுக்கை நிரப்பியதும் மதுரை வந்துவிடுகிறது. ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் கேட்டுக் குறித்துவைத்தால் போதும், இந்த முழுப் பாடத்தையும் உங்கள் வீட்டிலிருந்தே நீங்கள் சரிபார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட மலிவான வளிமண்டல ஆய்வு எனக்குத் தெரியாது.

இந்தக் கூரையின் பயனை உலகுக்கு முதலில் காட்டியவர்களில் அமெச்சூர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. டைட்டானிக் மூழ்கிய 1912-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் கொண்டுவந்தது. தனியார் நிலையங்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களோடு நின்றுகொள்ள வேண்டும் என்றது சட்டம். அலைநீளம் கூடினால்தான் தூரம் கூடும் என்று நம்பிய காலம் அது. குறுகிய அலைகள் ஒன்றுக்கும் உதவாது என்ற எண்ணத்தில்தான் அவற்றை அமெச்சூர்களிடம் தள்ளினார்கள். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து அமெச்சூர்கள் சுமார் 230 மீட்டரில் அனுப்பிய செய்தியை, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரம் போட்டுக் காத்திருந்த பால் காட்லி கேட்டுவிட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லெயோன் டெலோய், அட்லான்டிக்குக்கு அப்பால் இருந்த ஃப்ரெட் ஷ்னெல்லோடு சுமார் 110 மீட்டரில் இருவழித் தொடர்பு கொண்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 18 அன்று நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணையில் இருந்த ஃப்ராங்க் பெல், லண்டன் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் காய்டரோடு தொடர்பு கொண்டார். பூமியின் ஒரு முனைக்கும் மறு முனைக்குமான உரையாடல் ஒரு பண்ணைக்கும் ஒரு பள்ளிக்கும் நடுவே நடந்தது.

அதே 1924-இல்தான் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர்களின் சங்கம் அது. பணம் போதாமல் 1927-இல் நின்றுபோனது. அகில இந்திய வானொலியெல்லாம் பிறகு வந்தவை.

அயனி மண்டலத்தைக் கவனிப்பதில் தென் தமிழகத்துக்காரர்களுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். காந்த நடுக்கோட்டுக்கு மேலே பகலில் அயனிகளும் எலெக்ட்ரான்களும் உயரே தூக்கப்பட்டு, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து குவிகின்றன. சூரியன் மறைந்த பிறகு எஃப் அடுக்கில் கொந்தளிப்பு எழும். தூரத்துக் குரல்கள் அப்போது நடுநடுங்கி வரும். ஐரோப்பியப் புத்தகத்தில் படித்த விதி நம் வானத்தில் அப்படியே பலிக்காத இடங்கள் உண்டு. நம்முடைய குறிப்பேட்டுக்கு அதனாலேயே தனி மதிப்பு.

சரி, எங்கே தொடங்குவது? கேட்பதில்தான். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இணையம் வழியே யாரும் அலைவரிசை மாற்றிக் கேட்கக்கூடிய ரேடியோ ஒன்று 2008 முதல் இருக்கிறது. உலகெங்கும் அதுபோல இன்னும் பல உண்டு. பைசா செலவில்லாமல் அதில் பழகலாம். வீட்டிலுள்ள பழைய சிற்றலை ரேடியோவில் ஹாம்களைத் தேடினால் வாத்துக் கத்துவதுபோல ஏதோ கேட்கும், சொல் புரியாது. அதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண வானொலி நிலையம் குரலோடு கூட ஊர்தி அலை ஒன்றையும் அனுப்புகிறது. முழுப் பண்பேற்றத்தில்கூட மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை எந்தச் செய்தியும் இல்லாத அந்த ஊர்தி அலையே தின்றுவிடுகிறது. மீதி ஒரு பங்கும் பக்கப்பட்டைகள் எனப்படும், ஒரே செய்தியின் இரண்டு நகல்கள். ஹாம்கள் ஊர்தியையும் ஒரு நகலையும் வெட்டியெறிந்துவிட்டு, ஒரே ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்புகிறார்கள். இதை எஸ்.எஸ்.பி. என்பார்கள். வெட்டப்பட்ட ஊர்தியைக் கேட்கிறவரின் ரேடியோ தானே உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். ஆகவே வாங்கும் ரேடியோவில் எஸ்.எஸ்.பி. வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 40 மீட்டரில் (நாம் பார்த்த 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி அது) கீழ்ப் பக்கப்பட்டை, 20 மீட்டரில் மேல் பக்கப்பட்டை என்பது வழக்கம்.

அடுத்தது கம்பி. கையில் உள்ள பணத்தைப் பெரிய செட்டில் கொட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவதற்குக் காரணம் ஓர் எளிய கணக்கு. ஹாம்கள் ஒலியின் வலுவை 1 முதல் 9 வரை 'எஸ்' அளவில் சொல்வார்கள். ஓர் அளவு ஏற அனுப்பும் ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும். 100 வாட்டில் எஸ் 9 ஆகக் கேட்கிறவர் 25 வாட்டுக்கு இறங்கினால் எஸ் 8 ஆகிறார். 5 வாட்டில்கூட எஸ் 7-க்குச் சற்றுக் கீழேதான் நிற்பார். ஆன்டெனாவை உயர்த்தி ஒழுங்காகக் கட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும், கேட்கும் திறனும் சேர்ந்து ஏறும்.

நடுவில் பிரிந்த இரண்டு கம்பிக் கைகளே டைபோல் ஆன்டெனா. 40 மீட்டருக்கான டைபோலுக்குத் தேவை வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் செம்புக் கம்பி, மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள், நைலான் கயிறு, 50 ஓம் கோஆக்சியல் கேபிள். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாதியாக்கினால் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 21.1 மீட்டர் வரும். கம்பி முனைகளில் ஏற்படும் விளைவால் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பக்கத்துக்குப் பத்து மீட்டர். முதலில் 10.3 மீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். நீளத்தைக் குறைப்பது சுலபம், கூட்டுவதுதான் தொல்லை. மொட்டைமாடியில் ஜிஐ குழாய் ஒன்றை நிறுத்தி, நடுத்துண்டை அதன் உச்சியில் கட்டி, இரு கைகளையும் கூரைபோலச் சரித்து இழுத்துக் கட்டினால் ஒரே கம்பம் போதும். முனைகளில் அனுப்பும்போது மின்னழுத்தம் மிக அதிகம், பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. மின்வாரியக் கம்பிகளுக்கு மேலேயோ பக்கத்திலோ ஒருபோதும் கட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

இப்போது நானோ வி.என்.ஏ. என்ற கைக்கருவி மலிவாகக் கிடைக்கிறது. அதை மாட்டினால் கம்பி எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைகிறது என்பது திரையில் ஒரு பள்ளமாகத் தெரியும். பள்ளம் 6.9-இல் இருந்தால் கம்பி நீளம் அதிகம் என்று பொருள். 7.1-க்கு வரப் பக்கத்துக்கு முப்பது சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒரே வெட்டாக வெட்டாமல் மடித்து மடித்துப் பாருங்கள். பள்ளம் நகர்ந்து நகர்ந்து நீங்கள் சொன்ன இடத்தில் வந்து உட்காருவதைப் பார்க்கும்போது, பாடப்புத்தகத்துச் சூத்திரம் கைக்குள் வந்துவிடும்.

ரேடியோவைப் போட்டதும் குரலுக்குப் பதில் வெறும் இரைச்சல் கொட்டினால் வானத்தைக் குறை சொல்ல வேண்டாம். ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சூரியத் தகட்டின் மின்மாற்றுக் கருவி என்று குற்றவாளி பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

கேட்க ஆரம்பித்தவருக்குப் பேச ஆசை வரும். உரிமம் இல்லாமல் பேசுவது சட்டப்படி குற்றம். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் ஏஎஸ்ஓசி தேர்வில் தேற வேண்டும். பன்னிரண்டு வயது ஆனால் போதும், படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை. விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' இணையதளம் வழியே. தேர்வில் இரண்டு பகுதிகள்: மின்னியலும் வானொலிக் கொள்கையும் ஒன்று, விதிமுறைகள் இன்னொன்று. ஓம் விதி, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், ஆன்டெனா, அலை பரவுதல் என்று பள்ளி இயற்பியலை ஒட்டியே கேள்விகள் வரும். உரிமத்தின் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு இதுவே போதும். பொதுத் தரத்துக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் எடுக்கவும் தெரிய வேண்டும். இயன்றவர்கள் மோர்ஸைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். குரல் மூழ்கிப்போகும் இரைச்சலிலும் ஒற்றைச் சுருதியில் வரும் அந்தப் புள்ளியும் கோடும் தப்பித்து வரும். எழுத்து வடிவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாமல், காதால் மட்டுமே பழக வேண்டும்.

உரிமத்தோடு ஓர் அழைப்புக்குறி வரும். இந்தியருக்கு வியூ என்று தொடங்கும், பொதுத் தரத்துக்கு வியூ2, கட்டுப்பாட்டுத் தரத்துக்கு வியூ3. இலங்கைக்காரர் என்றால் 4எஸ்7, சிங்கப்பூர் என்றால் 9வி, மேற்கு மலேசியா என்றால் 9எம்2. இந்தக் குறிகளைக் கேட்டுக் கேட்டே உலக வரைபடம் மனதில் பதிந்துவிடும். முதல் பேச்சு பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். யாரோ "சி.கியூ., சி.கியூ." என்று பொதுவாக அழைப்பார். நீங்கள் உங்கள் குறியை விக்டர், யூனிஃபார்ம் என்று எழுத்தெழுத்தாகச் சொல்வீர்கள். அவர் "ஃபைவ் நைன்" என்பார், அதாவது தெளிவு ஐந்துக்கு ஐந்து, வலு ஒன்பது. பெயர், ஊர், என்ன செட், என்ன ஆன்டெனா, வானிலை. கடைசியில் 'செவன்ட்டி த்ரீ', வாழ்த்துகள் என்று அதற்குப் பொருள். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியக் குறியில் எதுவும் அனுப்பக் கூடாது. நேரம், அதிர்வெண், எதிரில் பேசியவரின் குறி எல்லாவற்றையும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். புதியவர் என்று தெரிந்தால் பழைய ஹாம்கள் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடுவார்கள். நான் கேட்டவரையில் இந்தப் பண்பு ஹாம்களின் அலைவரிசைப் பகுதியில், அதாவது பேண்டில், இன்னும் கெடாமல் இருக்கிறது.

செட்டைக் கையாலேயே செய்யலாம் என்பது இந்த உரிமத்தின் தனிச்சிறப்பு. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003-இல் பிட்எக்ஸ் என்ற 20 மீட்டர் டிரான்சீவரின் வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். அதில் ஒரே சுற்றுப்பாதை அனுப்பும்போது ஒரு திசையிலும் கேட்கும்போது எதிர்த் திசையிலும் வேலை செய்யும். பாகம் பாதியாகக் குறைந்தது. சுருள் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்காதவர்களுக்கு, குழாய் ரிப்பேருக்கு வாங்கும் பிளாஸ்டிக் வாஷரையே அவர் காட்டிக்கொடுத்தார். உலகம் முழுவதும் அதைப் பார்த்துச் செய்தார்கள். நம் தெருவோர ஹார்ட்வேர் கடையை நினைவில் வைத்து ஒருவர் வடிவமைத்த ரேடியோ அது. அதற்காகவே எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

இத்தனை ஏற்பாடும் வெறும் பொழுதுபோக்குதானா என்று கேட்கிறவர்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐத்தான் காட்ட முடியும். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்த மாதம் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளாக அமெச்சூர் நிலையமே ஒலிக்காத அந்தமானிலிருந்து வியூ4 குறியோடு உலகத்தோடு பேசுவதுதான் நோக்கம். அன்று காலை ஆறரை மணி அளவில் நிலம் ஆடியது, பின்னால் கடல் வந்தது. தொலைபேசிகள் செத்துப்போயின. விளையாட்டாகக் கொண்டுபோன அதே செட்டும் கம்பியும் தீவுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே செய்தி கடத்தின. உற்றார் உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்வியும் பதிலும் அவற்றின் வழியே போய்வந்தன. அவர்களிடம் கம்பி ஏற்கெனவே கட்டியிருந்தது, எந்த நேரத்தில் எந்த பேண்ட் திறக்கும் என்பதும் தெரிந்திருந்தது. அன்றைக்குப் போய்ப் படித்துக்கொள்ளக்கூடிய விஷயமல்ல அது.

பழகிய பிறகு போக வேண்டிய இடங்கள் பல. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். இஸ்ரோ 2005 மே 5 அன்று ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை அனுப்பியது, அது 2014 வரை உழைத்தது. பல்சர் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஒரு ஹாம்தான். அவரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017-இல் தந்த எஃப்டி8 என்ற முறையில், காதுக்கே எட்டாத மெல்லிய சமிக்ஞையைக் கணினி 15 விநாடித் துண்டுகளாகப் படித்துவிடும். எஃப்டி8-ஐ மட்டுமே கட்டிக்கொண்டு மனிதக் குரலை விட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு நாள் குறித்த ஓர் அவசரம் உண்டு. சூரியப் புள்ளிகள் சுமார் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. கொடைக்கானல் ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படம் எடுத்துவைத்திருப்பது இந்தப் புள்ளிகளைத்தான். புள்ளிகள் பெருகும்போது எஃப் அடுக்கு தடித்து, 28 மெகாஹெர்ட்ஸையும் திருப்பி அனுப்பும் அளவுக்கு வலுவாகிறது. அந்த உயர் அதிர்வெண்ணில் டி அடுக்கின் இழப்பும் அற்பம், ஐந்து வாட்டில் ஐரோப்பா வரும். இப்போதைய சுழற்சி 2024-இல் உச்சம் தொட்டுவிட்டது, இனி இறங்குமுகம். அடுத்த சில ஆண்டுகளில் 28 மெகாஹெர்ட்ஸ் நாள் முழுக்க ஊமையாகக் கிடக்கும் காலம் வரும். அந்த பேண்டுக்கான டைபோல் முழு நீளமே ஐந்து மீட்டர்தான், அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியிலும் அடங்கும். 40 மீட்டர் கம்பியோடு அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். காலையில் கிழக்கும் பிற்பகலில் மேற்கும் திறக்கும்.